சிவப்புப் பை

அத்தியாயம் 17

போன வாரம் போனைக் காதில் வைத்தபடி நின்றாளே தையற்காரி, அதைக் கீழே வைத்த பிறகும் அவள் காது சுட்டுக்கொண்டேதான் இருந்தது.

பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை சொன்னது இரண்டே இரண்டு விஷயம். வகுப்பில் மகள் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற துணை டீச்சர் போய்விட்டார். அவருடைய அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் மத்தியானமே ஊருக்கு வண்டி ஏறிவிட்டார், இனி திரும்புவதாக இல்லை.

"புது ஆள் வர ஒரு வாரம் ஆகும்மா. நாளைக்கு ஒரு நாள் எப்படியாவது சமாளிச்சு அனுப்புங்க."

நாளைக்கு! வருஷத்தில் எத்தனையோ நாள் சும்மா கிடக்க, நாளைக்குத்தானா?

நாளைக்குத்தான் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வருகிறார். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவள் மகளைப் பார்க்கப் போகிறார். ஒன்பது வயசுப் பெண் இதே வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு இருக்கலாமா, இல்லை நகரத்தின் மறு கோடியில் இருக்கிற தனிப் பள்ளிக்குத்தான் போக வேண்டுமா என்று அந்த மேடம் எழுதிக் கொடுக்கிற காகிதம்தான் முடிவு.

மகளுக்குப் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் உண்டு. வீட்டில் அவள் அணில். நுனிக்காலில் நடப்பாள், நடுவில் நிற்பாள், தலையைச் சாய்த்து எதையோ கேட்பாள், மறுபடி நடப்பாள். அதைப் பார்த்து அப்பா ஆசையாக வைத்த பெயர் அது. ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. பேச்சு கொஞ்சம்தான். ஒரு நாளைக்கு எட்டு வார்த்தை பேசினால் வீட்டில் அன்றைக்கு விசேஷம்.

மணி ஆறரை. பட்டி போடும் நேரம் வந்துவிட்டது.

பட்டி என்றால் இரண்டு முழ நீளத்துக்குக் கருநீலத் துணி. யோசனை துணை டீச்சருடையது, தையல் இவளுடையது. பட்டியில் வரிசையாக வெல்க்ரோ. அதில் உள்ளங்கை அகலத்துக்கு அட்டைகள் ஒட்டிக்கொள்ளும். பல் துலக்கும் படம், பஸ், துணை டீச்சரின் போட்டோ, வகுப்பு, சாப்பாடு, கழிப்பறை, விளையாட்டு மைதானம். எல்லாவற்றுக்கும் கடைசியில், மூன்று மணிக்கு, பள்ளி கேட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிற அம்மாவின் போட்டோ. அணிலுக்கு நாள் என்பது இந்தப் பட்டிதான். ஒன்று முடிந்தால் தானே 'கர்ர்ர்' என்று பிய்த்து, அடியில் தொங்கும் பச்சைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள்.

பச்சைக்குப் பக்கத்தில் இன்னொரு பை உண்டு. சிவப்பு. நடக்காமல் போனவற்றுக்கு.

"அம்மா, இந்தப் பட்டியில மட்டும் பொய் வச்சுடாதீங்க," என்று துணை டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். "நம்ம வாய் ஆயிரம் சொல்லும், அவளுக்குக் காதுல ஏறாது. இது ஏறும். மழை பெஞ்சு விளையாட்டு இல்லைன்னா, அவ கண் முன்னாடி அட்டையை எடுத்து சிவப்புப் பையில போடுங்க. அழுவா. அழட்டும். அழுதுட்டு அடுத்ததுக்குப் போயிடுவா. ஆனா ஒண்ணு, சிவப்புக்குள்ள போனதை மறுபடி அது நிஜமா நடக்கிற வரைக்கும் வெளியில எடுக்கக் கூடாது."

அந்த டீச்சரின் போட்டோ அட்டையைத்தான் இப்போது தையற்காரி கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, இதை என்ன பண்றது?"

கணவன் லிஃப்ட் மெக்கானிக். தரையில் உட்கார்ந்து கருவிப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தான். பத்து நாளைக்கு முன்னால் அந்தப் பெட்டிக்குள்தான் தனிப் பள்ளியின் விண்ணப்பத்தை அவள் பார்த்தாள். அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'மேடம் பாத்து முடிவு சொல்ற வரைக்கும் நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்' என்று அவன் அணில் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் அடுப்பே எரிந்தது.

"வச்சு விடு," என்றான் தலை நிமிராமல். "ஒரு நாள்தானே? அழாம பஸ் ஏறினாப் போதும். மேடம் பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

"வேணாம்க்கா," என்றான் வாசல் நிலையில் சாய்ந்து நின்ற தம்பி. அவன் சலூனில் முடி வெட்டுகிறவன். "ஊருக்கு வேணா முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம். இவகிட்ட ஒரு அட்டையை மறைக்க முடியாது."

"பேச வந்துட்டான் பாரு, அரைத் தலை வெட்டுறவன்," என்றான் மெக்கானிக்.

உண்மைதான். அணிலின் தலையில் இடது பக்கம் காதுக்கு மேல் வெட்டியிருந்தது, வலது பக்கம் தோளில் புரண்டது. கத்தரியைக் கண்டாலே வீடு இரண்டாகும்படி கத்திக்கொண்டிருந்தவள், இந்தத் தாய்மாமன் கையில் மட்டும் தலையைக் கொடுப்பாள்.

"அரைத் தலைன்னாலும் நாணயமான தலை மாமா," என்றான் தம்பி. "இடது பக்கம் மட்டும்னு சொன்னா இடது பக்கத்தோட கத்தரியை வச்சுடுவேன். இன்னும் ஒரே ஒரு வெட்டுன்னு ஏமாத்தினதே இல்ல. அதனாலதான் உக்கார்றா. நாளைக்குச் சாயங்காலம் வலது பக்கம்னு சொல்லியிருக்கேன், மழையோ இடியோ, வலது பக்கம்தான்."

அதற்குள் அணில் வந்துவிட்டாள்.

தினமும் நடப்பதுதான். அம்மா ஒவ்வொரு அட்டையாக ஒட்டுவாள், மகள் ஒவ்வொன்றின் மேலும் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள், முத்திரை குத்துகிற மாதிரி. பல். பஸ்.

மூன்றாவது இடத்தில் தையற்காரியின் கை நின்றது. நாளைக்கு ஒரே ஒரு நாள். ஒரே ஒரு காலை நேரம். இந்தப் பள்ளியில் இடம் வாங்க அவள் நாலு வருஷம் நடந்திருக்கிறாள்.

டீச்சர் அட்டையை ஒட்டினாள்.

அணில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

* * *

மறுநாள் காலையில் அவள் சிணுங்காமல் பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாகப் பட்டியைக்கூட ஆட்டிக் காட்டினாள். மெக்கானிக் பெருமூச்சு விட்டான். "பாத்தியா? இதுக்குப் போய்..."

தையற்காரி கடைக்குக் கிளம்பினாள். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது என்று பழைய துணியைத் திருத்தித் தருகிற கடையில் அவளுக்கு வேலை. அன்றைக்கு ஒரே பேன்ட்டின் இரண்டு காலையும் இரண்டு நீளத்தில் வெட்டி வைத்தாள்.

"என்னம்மா இது," என்று கடைக்கார அம்மா தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "கஸ்டமருக்கு ஒரு காலு மேட்டுலயும் ஒரு காலு பள்ளத்துலயுமா?"

பதினொன்றேகாலுக்குப் போன் அடித்தது.

"கொஞ்சம் வந்துட்டுப் போங்கம்மா," என்றார் வகுப்பு டீச்சர். குரல் களைத்திருந்தது.

மணிக்கட்டில் கட்டியிருந்த, ஊசி குத்தி வைக்கும் பஞ்சைக் கழற்றக்கூட மறந்து ஓடினாள். பஸ்ஸில் இருந்தபடியே கணவனைக் கூப்பிட்டாள்.

"ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவுல மூணு பேர் மாட்டியிருக்காங்க," என்றான். பின்னாலிருந்து யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. "அவங்களை எடுத்து விட்டுட்டு ஓடி வர்றேன். நீ போ."

அடுத்தவர் மாட்டிக்கொண்டால் எடுத்துவிட ஆள் உண்டு, என்று நினைத்துக்கொண்டாள்.

* * *

பள்ளியின் நீண்ட தாழ்வாரத்தில், வகுப்பு வாசலுக்கு வெளியே, சுவரில் இரண்டு கொக்கிகள். ஒன்றில் அணிலின் பட்டி. இன்னொன்றில் ஒரு மஞ்சள் குடை. துணை டீச்சருடையது. அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தக் குடைக்கு முன்னால், மூக்கு சுவரில் முட்டுகிற தூரத்தில், அணில் நின்றுகொண்டிருந்தாள்.

"காலையில எட்டரை மணியில இருந்தும்மா," என்றார் வகுப்பு டீச்சர். அவர் முன்கையில் பற்கள் பதிந்த தடம் சிவந்திருந்தது. "கூப்பிட்டேன், வரல. கையைப் பிடிச்சேன், கடிச்சுட்டா. உள்ள முப்பத்தெட்டுப் பேரு. நான் அவங்களைப் பாப்பேனா, இவளைப் பாப்பேனா? சாப்பிடவும் இல்ல. தண்ணி குடிக்கல. பாத்ரூமுக்கும்..."

அவர் முடிக்க வேண்டியிருக்கவில்லை. அணிலின் காலடியில் தரை ஈரமாக இருந்தது. காலுறை நனைந்து கணுக்காலில் ஒட்டியிருந்தது.

ஈரத்துக்கு எட்டாத தூரத்தில் ஒரு பிஸ்கட் பொட்டலம் பிரித்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். யாரோ ஒரு பிள்ளை வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

ஐந்தடி தள்ளி, பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் முழங்கால்கள் இடிக்க ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, பெரிய பை, மடியில் மூடிய நோட்டு. கல்வி அலுவலக மேடம். வகுப்பைப் பார்க்க வந்தவர், காலையிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தையற்காரிக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மகள் அடம் பிடிக்கவில்லை. பல் முடிந்தது, பச்சைப் பையில் போட்டாகிவிட்டது. பஸ் முடிந்தது, போட்டாகிவிட்டது. அடுத்தது டீச்சர். குடை இருக்கிறது. ஆகவே டீச்சர் வருவார். அவர் வந்தால்தான் வகுப்பு, அதற்கப்புறம்தான் சாப்பாடு, அதற்கும் அப்புறம்தான் கழிப்பறை. சொன்னபடி நின்றிருக்கிறாள். ஒரு அட்டைக்காக மூன்றரை மணி நேரம்.

மணி அடித்தது. அணில் தலையைச் சாய்த்து வாசல் பக்கம் கேட்டாள்.

"டீச்சர்," என்றாள்.

"ஒவ்வொரு மணிக்கும் இப்படித்தான் சொல்றா," என்றார் வகுப்பு டீச்சர் மெதுவாக.

தையற்காரி ஈரத் தரையிலேயே மண்டி போட்டாள். பட்டியை எடுத்து மகளின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். மூன்றாவது அட்டையைப் பிடித்து இழுத்தாள். கர்ர்ர்.

"டீச்சர் இல்ல. அணிலு, இன்னிக்கு டீச்சர் இல்லடா."

சிவப்புப் பைக்குள் போட்டாள்.

அணில் பையைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். பிறகு அழுதாள். வாயைத் திறந்து, கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் ஒரே இழுப்பாக. தாழ்வாரத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். தையற்காரி தொடவில்லை. தொட்டால் கூடும் என்று அவளுக்குத் தெரியும். பட்டியை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கை கடுத்தது.

அழுகை அடங்கியதும், கழிப்பறை அட்டையை எடுத்து, மகள் பார்க்கப் பார்க்க, வகுப்புக்கு முன்னால் ஒட்டினாள். அணில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினாள். நடந்தாள். மாற்றுத் துணி எப்போதும் பையில் உண்டு.

திரும்பி வந்தபோது வகுப்பு காலி. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அடுத்த அட்டை வகுப்பு. அணில் உள்ளே போனாள். முப்பத்தெட்டுக் காலி இடங்களுக்கு நடுவே தன் இடத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை எடுத்து, அன்றைய பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

மேடம் நோட்டைத் திறந்து, முதல் தடவையாக ஏதோ எழுதினார்.

* * *

இரண்டரை மணிக்குத் தலைமை ஆசிரியையின் அறை. மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. ஒன்றில் தையற்காரி, மற்றது காலி. மெக்கானிக் இன்னும் வரவில்லை.

"இன்னிக்கு நடந்ததை மேடமே பாத்துட்டாங்க," என்று ஆரம்பித்தார் தலைமை ஆசிரியை. "எங்களுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா துணை ஆள் ஒருத்தர் வரலைன்னா பள்ளிக்கூடமே நிக்குதுன்னா எப்படிம்மா? கடிக்கிற பிள்ளைன்னு நாளைக்கு மத்த பெற்றோர் வந்து நிப்பாங்க."

மேடம் குறுக்கே கேட்டார். "ஒரு சந்தேகம். அந்தப் பட்டியை யார் தயார் பண்றது?"

"நான்தாங்க."

"நேத்து நீங்க போட்டப்போ, டீச்சர் வர மாட்டாங்கன்னு தெரியுமா, தெரியாதா?"

தலைமை ஆசிரியை மேசை மேலிருந்த பேனாவை நேராக்கி வைத்தார். அவர் வாயைத் திறக்க மாட்டார். முந்தின நாள் போன் பேசியதை அவர் சொல்லவில்லை, இனியும் சொல்லப் போவதில்லை. தெரியாது என்று தையற்காரி சொல்லிவிட்டால் கேட்க ஆளில்லை. பழியெல்லாம் மகள் தலையில் இறங்கும். அவளா வந்து சாட்சி சொல்லப் போகிறாள்?

தெரியும் என்று சொன்னால், பெற்ற பிள்ளையை ஏமாற்றி, ஈரத்தில் நிற்க வைத்தவள் என்று அந்த நோட்டில் ஏறும்.

"தெரியும்," என்றாள். "தெரிஞ்சேதான் ஒட்டினேன். நீங்க வர்ற நாளு, அழாம வரணும்னு. அவ மேல ஒரு தப்பும் இல்லைங்க. நான் என்ன சொன்னேனோ அதைத்தான் செஞ்சா. எழுதுறதுன்னா என்னைப் பத்தி எழுதுங்க."

மேடம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"நான் பாத்ததைத்தான் எழுதுவேன்," என்றார் மேடம். "ஒரு பொய் அட்டை வச்சு நிக்க வச்சப்போ மூணரை மணி நேரம் நின்னா. நிஜத்தைச் சொன்னதும் பத்து நிமிஷம் அழுதுட்டு வகுப்புக்குப் போயிட்டா. இதையும் எழுதணும் இல்லையா?" தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினார். "டீச்சர் போனது ஸ்கூலுக்கும் தெரிஞ்சிருக்கும். மாத்து ஏற்பாடு என்னன்னும் நான் கேட்டு எழுதணும்."

தலைமை ஆசிரியையின் பேனா மறுபடி கோணலாயிற்று.

மணி இரண்டு ஐம்பத்தைந்து. தையற்காரி எழுந்தாள். மூன்று மணிக்குக் கேட்டில் நிற்க வேண்டும், பட்டியில் கடைசி அட்டை அது. அதே நேரம் கையில் போன் அதிர்ந்தது. கணவன். 'கேட்டுக்கு வந்துட்டேன். நான் கூட்டிக்கிறேன்.'

"ஒரு நிமிஷம் உக்காருங்கம்மா," என்றார் தலைமை ஆசிரியை. இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "மேடம் என்ன எழுதினாலும், இது ஒண்ணு இருக்கே. முந்தா நாளே உங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்துட்டாரே, பிள்ளை பேரை எடுத்துடச் சொல்லி. உங்களுக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சேன்."

காகிதத்தின் ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் தடம். கீழே கையெழுத்து. யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தையற்காரி உட்கார்ந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளைப் போல ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வெளியே மூன்று மணி அடித்தது. அவள் காதில் விழவில்லை.

"வெள்ளிக்கிழமை என் காகிதம் வரும்," என்றார் மேடம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "அதுக்குள்ள இந்தக் கடிதத்தை அவர் திரும்ப வாங்கிட்டாத்தான் என் காகிதத்துக்கு வேலை. இல்லேன்னா நான் எழுதி என்ன பிரயோஜனம்?"

* * *

"தலையில கை வச்சு சத்தியம் பண்ணீங்களே."

வீட்டில் அவள் கேட்டது அது ஒன்றுதான். மெக்கானிக் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றான்.

"போன மாசம் அவ சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போனாளே, நான்தானே கொண்டு போனேன்," என்றான். "மைதானத்துல நாலு பசங்க, பொண்ணுங்களும்தான், அவ பின்னாடியே நுனிக்கால்ல நடந்து காட்டுறாங்க. தலையைச் சாய்ச்சு, நின்னு, அப்படியே அவளை மாதிரி. துணை டீச்சர் ஓடி வந்து விரட்டினாங்க. இவ ஒண்ணும் புரியாம சிரிச்சுக்கிட்டு நிக்குறா. அவங்களும் அப்பாவுக்கு முடியலைன்னு வேலையை விடப் போறதா அன்னிக்கே பேச்சு. விரட்ட ஆளில்லாத அன்னிக்கு? என்னால அந்தச் சிரிப்பைத் தாங்க முடியலம்மா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ அழுவே."

"அழுதுட்டுப் போறேன்! நேத்து நீங்க வச்சு விடுன்னதும் நான் வச்சேனே, அதுவும் இதேதான். அவ அழுவான்னு." அவனுக்கு நேராகத் திரும்பினாள். "யாரோ ஒரு பிள்ளை அவ பக்கத்துல பிஸ்கட்டைப் பிரிச்சு வச்சிருந்துச்சு. தண்ணியும் வச்சிருந்துச்சு. நடந்து காட்டினதுல ஒண்ணாக்கூட இருக்கலாம். அதையும் பாத்துட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம் நீங்க."

அவன் தோளிலிருந்த கருவிப் பெட்டியை இறக்கி வைத்தான்.

"கேட்டுல அழுதாளா?" என்று கேட்டாள்.

"இல்ல. என்னையே பாத்தா. அட்டையைப் பாத்தா. ரோட்டுல ரெண்டு பக்கமும் பாத்தா. அப்புறம் நான் கையை நீட்டினதும் வந்துட்டா. அழக்கூட இல்ல."

அப்போதுதான் தையற்காரிக்கு உறைத்தது. சமையலறைக் கதவில் தொங்கிய பட்டியைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் அட்டையைத் தவிர மற்றதெல்லாம் பச்சைப் பைக்குப் போயிருந்தது. கடைசி ஒன்று மட்டும் பிய்க்கப்படாமல் அப்படியே இருந்தது. கேட்டில் சிரித்துக்கொண்டு நிற்கும் அம்மா. அம்மாவுக்குப் பதில் அப்பா போகும்போது அதை மாற்றவேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

மணி ஆறரை.

அணில் நுனிக்காலில் வந்து பட்டிக்கு முன்னால் நின்றாள். தம்பி சலூனிலிருந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டு, உள் அறையில் பழைய போர்வையை விரித்துக்கொண்டிருந்தான்.

தையற்காரி நாளைய அட்டைகளை ஒட்டினாள். பல். பஸ். மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டாள். இனி எதைப் போடுவது என்று அவளுக்கே தெரியாதபோது எதைப் போடுவாள்? வகுப்பு. சாப்பாடு. கழிப்பறை. மைதானம். அணில் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு வந்தாள். காலி இடத்தில் மட்டும் விரலை எடுத்துக்கொண்டாள்.

கடைசி அட்டைக்கு வந்தாள். கட்டைவிரலைப் படத்துக்கு அருகே கொண்டுபோனாள். அழுத்தவில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

கர்ர்ர்.

"அணிலு, அது முடியல, நாளைக்கு..." என்று தையற்காரி சொல்லி வாய் மூடுவதற்குள், அந்தச் சின்னக் கை பச்சைப் பையைத் தாண்டிப் போயிற்று. சிவப்புப் பையின் வாயைத் திறந்தது. உள்ளே டீச்சர் இருந்தார். பக்கத்தில் அம்மாவையும் வைத்தாள். பையை மூடி, மேலே இரண்டு தட்டுத் தட்டினாள்.

"நான் இருக்கேன்டா. இந்தா பாரு, இங்கதானே இருக்கேன்!"

அணில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள் அறைக்குப் போனாள். போர்வையில் உட்கார்ந்து, மாமாவின் பக்கம் தலையைச் சாய்த்து, முடி நீண்டிருந்த வலது பக்கத்தைக் காட்டினாள்.

"வலது," என்றாள்.

"ஆமாடா கண்ணு. வலது பக்கம் மட்டும். சொன்னா சொன்னதுதான்," என்றான் தம்பி. கத்தரி நிதானமாக ஆரம்பித்தது. கிச், கிச், கிச்.

மெக்கானிக் பட்டியை நோக்கி ஓரடி வைத்தான். "எடுத்து மறுபடி ஒட்டிடவா?"

"தொடாதீங்க."

சிவப்புக்குள் போனதை, அது நிஜமாக நடக்கிற வரைக்கும் வெளியில் எடுக்கக் கூடாது. தையற்காரி பட்டியைக் கொக்கியில் நேராக மாட்டினாள். நாளைக்கு மூன்று மணி அடிப்பதற்கு முன்னாலேயே அவள் கேட்டில் போய் நிற்பாள், கடை போனாலும் சரி. ஆனால் அதுவரைக்கும், காலை பஸ்ஸிலும், வகுப்பிலும், மைதானத்திலும், அந்தப் பெண்ணுக்கு நாளைக்கு அம்மா இல்லை.